துரைக்குச் சொன்னது

11-6-62, திங்கள்

ஆபீஸில் என் தலைக்கு மேலுள்ள மின்விசிறி மறுபடி நின்றுவிட்டது. மூன்று வாரமாக எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு எதிரே உட்காருகிறவனுடையது நன்றாகச் சுற்றுகிறது.

காலையில் அதிகாரி கூப்பிட்டார். என்னைவிடப் பதினொரு வயது சிறியவர். கடிதம் எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

"அமெரிக்காலேருந்து ஒரு நிபுணர் வர்றாருங்க. வாழை, நெல்லு எல்லாம் பாத்து யோசனை சொல்ல. ஆறு மாசம் கூடவே போயி மொழிபெயர்க்கணும். நம்ம விவசாய இலாகாவுல உங்க இங்கிலீஷ் மாதிரி யாருக்கு வரும்?" என்றார்.

பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது என் இங்கிலீஷ் யார் கண்ணிலும் படுவதில்லை. வெள்ளைக்காரன் வந்தால் மட்டும் ஞாபகம் வருகிறது. சரி என்றேன். வேறென்ன சொல்வது.

திரும்பும்போது பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கீழே வெறும் மணல். நாளை மேட்டூர் திறக்கிறார்களாம். ஸ்ரீரங்கம் வந்து சேர ஆறரை ஆயிற்று.

மயிலம்மாளிடம் சொன்னேன். "நல்லதுதானே. ஆறு மாசம் ஆபீஸ்ல உக்காந்து பொருமாம இருப்பீங்க" என்றாள். மனைவி பேசுகிற பேச்சு.

14-6-62, வியாழன்

அமெரிக்கர் வந்துவிட்டார். ஜோனாஸ் பைலர். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். சுருட்டு, தொப்பி, உரத்த சிரிப்பு என்று எதிர்பார்த்துப் போனேன். ஒன்றும் இல்லை. புகை பிடிப்பதில்லை, குடிப்பதில்லை, கேட்டால் மட்டும் பேசுகிறார். உள்ளங்கை பார்த்தேன். ஏர் பிடித்த கை. எனக்குத் தெரியாததா.

உறையூர் பக்கம் ஒரு வயலோரம் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பயிரைப் பார்க்கவில்லை. நேராக மாட்டிடம் போய் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, "ஆறு வயது" என்றார். மாட்டுக்காரர் அசந்துபோனார்.

ஜீப் ஓட்டும் குத்புதீன் என் காதில் சொன்னார்: "என்னங்க சார், நிபுணர்னு சொன்னாங்க, மணப்பாறைச் சந்தைத் தரகர் மாதிரில்ல இருக்காரு?"

22-6-62, வெள்ளி

பயணத் திட்டம் வந்தது.

ஜூலை 11, புதன். தொட்டியம். முன்னோடி விவசாயி திரு. அ. ரங்கசாமியின் வாழைத் தோட்டம்.

அ. என்றால் அழகர்சாமி. எங்கள் அப்பா. எனக்கும் அதே எழுத்துதான்.

அந்த ஊரில் கால் வைத்து இருபத்துநாலு வருடம் ஆகிறது. இந்த நோட்டில் அதைப் பற்றி ஒருபோதும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

1937-இல் மயிலம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் சாதிதான். தூரத்து உறவுகூட. குற்றம் என்னவென்றால், அவள் பதினைந்து வயதில் தாலி அறுத்தவள். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், ஐயர் இல்லாமல், இரண்டு மாலையோடு முடிந்தது. பி.ஏ. படித்திருந்தேன். உலகம் மாறிவிட்டது என்று நினைத்தேன்.

செய்தி கேட்ட அன்றைக்கே அப்பா காவிரிக்குப் போய் எனக்குத் தலைமுழுகினார். செத்தவனுக்கு முழுகுவது போல. ஈர வேட்டியோடு தெருவில் நடந்து வந்து, "எனக்கு ஒரே பையன்தான். ரங்கசாமி" என்று சொன்னாராம்.

அடுத்த வருடம் ரங்கசாமி கல்யாணம். தம்பி கல்யாணம் ஆயிற்றே என்று இருவரும் போனோம். பந்தியில் உட்காரப் போகையில் யாரோ கையைக் காட்டினார்கள். எங்கள் இரண்டு இலையும் மாட்டுக் கொட்டகையில் போட்டிருந்தது. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். ரங்கசாமி மணவறையில் குனிந்துகொண்டான். மயிலம்மாள் என்னோடு திரும்பி நடந்தாள். முசிறி வரைக்கும் நடந்தோம்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் ஊரில் ஒரு காரணம் சொல்லுவார்கள் என்று தெரியும்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு.

24-6-62, ஞாயிறு

மயிலம்மாளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னிக்கு லீவு போட்டுடப் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா?"

"நீங்க லீவு போட்டா, அந்த ஊருக்கு வர உங்களுக்குப் பயம்னு ஆயிடும். துரையோட ஜீப்புல போயி எறங்குங்க. பாக்கட்டும்."

"பாத்து?"

"பாத்துட்டுப் போகட்டும். உங்களுக்குக் கோவம் தீரலை. எனக்கு அலுத்துப் போச்சுங்க. அவமானம் எனக்குத்தான் அதிகம், தெரியுமில்ல? நானே சொல்றேன்."

உரித்த வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினேன்.

3-7-62, செவ்வாய்

முசிறி பயணியர் விடுதியில் முகாம். இன்று கேட்டதை மறப்பதற்கு முன் எழுத வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் வழக்கம்போல வேறு மேசையில் உட்கார்ந்தேன். நான் கீழ்நிலை உத்தியோகஸ்தன். அது எனக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியட்டும். இது என் வீம்பு. பைலர் தட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தனி மேசையை என் அம்மா வீட்டில் போதுமான அளவு பார்த்துவிட்டேன்" என்றார்.

என்ன என்று கேட்டேன். சாப்பாடு ஆறும்வரை சொன்னார்.

அவர் ஊர் பென்சில்வேனியா. அங்கே ஆமிஷ் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். கிறிஸ்தவர்கள்தான். மோட்டார் வாங்க மாட்டார்கள், குதிரை வண்டிதான். வீட்டில் மின்சாரம் கிடையாது, டெலிபோன் கிடையாது. ஏர் இழுக்கக் குதிரை. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் படிக்கக் கூடாது. மேலே படிக்க அனுப்பச் சொல்லி அரசாங்கம் வற்புறுத்தியபோது, மறுத்த தகப்பன்மார்கள் ஜெயிலுக்குப் போனார்களாம். அதில் இவருடைய மாமா ஒருவர்.

அமெரிக்காவிலா? என்று இரண்டு முறை கேட்டேன். எனக்குக் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். நாம் இங்கே அமெரிக்காவைக் காட்டிக் காட்டிக் குடியானவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதினெட்டு வயதில் பைலர் அவர்களுடைய சபையில் சேர்ந்து உறுதிமொழி எடுத்திருக்கிறார். சேராமலே விலகியிருந்தால் குற்றமில்லை. எடுத்துவிட்டு மீறினால்தான் குற்றம். தனியாகப் படித்துத் தேறி இருபத்துநாலில் விவசாயக் கல்லூரிக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் கூடி அவரை விலக்கியது. அன்றிலிருந்து அவர்கள் யாரும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவர் கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீரங்கத்தில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். கீழே வைத்து எடுப்பதைப் பற்றி எனக்கு அமெரிக்காக்காரர் சொல்ல வேண்டுமா?

பேசத் தடை இல்லையாம். ஆனால் அவர் அப்பா பேசுவதில்லை. அம்மாவைப் பார்த்து, "அவனுக்கு இன்னும் ரொட்டி வேண்டுமா?" என்பாராம். மகன் எதிரிலேயே இருப்பார்.

அம்மா என்ன செய்வாள் என்றால், குடும்பத்துக்கு ஒரு மேசை, மகனுக்கு ஒரு சின்ன மேசை, இரண்டையும் ஒரு விரல் இடைவெளி விட்டுப் போடுவாள். பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஒரே துணியை விரித்துவிடுவாள். சட்டமும் காப்பாற்றப்பட்டது. பார்வைக்கு ஒரே மேசை.

"பிறகு ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அம்மா நன்றாகச் சமைப்பாள்" என்றார்.

மானமில்லாத மனிதன்.

4-7-62, புதன்

ஆனாலும் இந்த அம்மாள் துணி விரிப்பது — எங்கள் அம்மா இருந்திருந்தால்? நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே போய்விட்டாள்.

11-7-62, புதன்

தொட்டியம்.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் குத்புதீன், "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். முகத்தில் என்ன தெரிந்ததோ.

ரங்கசாமி வரப்பில் நின்றான். தலை பாதி நரைத்துவிட்டது. பைலரைக் கும்பிட்டான். என்னைப் பார்த்து "வாங்க" என்றான், அண்ணன் என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு. அப்பா தோட்டத்து முனையில் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சின்ன உருவமா? என் ஞாபகத்தில் இருந்தவர் உயரமானவர். என் பக்கம் திரும்பவே இல்லை. ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைலர் முதல் கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்:

"இந்த நெலத்துல எத்தனை வருஷமா வாழை போடறீங்கன்னு துரை கேக்கறாரு."

இருபத்துநாலு வருடத்தில் அப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள்.

அப்பா சக்கரத்திடமிருந்து பைலரிடம் பார்வையைத் திருப்பினார். "எங்க தாத்தா காலத்துலேருந்து. பூவன்தான். நடுவுல மூணு வருஷம் ரஸ்தாளி போட்டு வாடல் நோயில போச்சு. துரைக்குச் சொல்லணும்."

சொன்னேன். அப்படியே போயிற்று. உரம், கன்று, காற்றுக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கில். பைலர் கேட்பார், நான் சொல்வேன், அப்பா துரைக்குப் பதில் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கேள்வித்தாளில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரியும், அதை டைப் அடித்துக் கொடுத்ததே நான்தான். பைலர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சின்ன வயதில் யாரிடம் உழக் கற்றுக்கொண்டார்?"

"எங்க அப்பாரிட்ட."

"இவர் தன் மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தாரா?"

இது எதற்கு வாழைக்கு? மொழிபெயர்க்காமல் நின்றேன். பைலர் காத்திருந்தார். ரங்கசாமி வரப்பைக் காலால் கிளறினான். கடைசியில் சொல்லிவிட்டேன். அப்பா மறுபடி ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"சின்னவன் சுமாரா உழுவான். மூத்தவன் ஓட்டினா சால் கோணாது. நூல் புடிச்ச மாதிரி போகும்."

அதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

பிறகு அப்பா கேட்டார்: "துரைக்கு அப்பா இருக்காரா? கேட்டாத் தேவலை."

பைலர் சொன்னார்: "இருக்கிறார். எழுபத்தாறு வயது. பதினெட்டு வருடமாக என்னோடு பேசுவதில்லை. நான் போய் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவேன்."

நான் தமிழில், "இருக்காராம். எழுபத்தாறு வயசாம்" என்று நிறுத்திக்கொண்டேன்.

"நான் சொன்னது அதைவிட நீளம்" என்றார் பைலர்.

"தமிழில் சுருக்கமாக வரும்" என்றேன்.

இளநீர் வெட்டினார்கள். தோட்டத்துப் பண்ணையாள் பைலருக்குக் கையில் கொடுத்தார். எனக்கு வரப்பில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு யாராவது சொல்லியிருந்தார்களா, தானாகச் செய்தாரா, தெரியாது. நான் எடுக்கவில்லை. ஜீப் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். இளநீர் அங்கேயே இருந்தது. அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முசிறி தாண்டிய பிறகு பைலர், "உங்கள் அப்பா" என்றார். கேள்வி இல்லை.

"யார் சொன்னது? குத்புதீனா?"

"யாரும் சொல்லவில்லை. பார்க்காமல் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்."

குத்புதீனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக்கினார்.

22-7-62, ஞாயிறு

பைலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் வாசலிலேயே என்னை ஓரம் கட்டி, "துரை மாம்சம் பக்ஷிக்கிறவரோ? கிணற்றடிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும்" என்றார். இவர் துரையை விலக்குகிறார், துரையை அவருடைய ஊர் விலக்குகிறது. இரண்டையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மயிலம்மாள் காப்பி டம்ளரை நேராகக் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன் பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவளே அவரிடம் பேசினாள். தென்னூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

கடிதம் வந்திருக்கிறதாம். பால் கம்பெனி, மின்சாரக் குளிர்தொட்டி வைக்காத வீட்டில் இனிப் பால் எடுக்க மாட்டேன் என்கிறது. வைக்கலாம் என்று சபையில் பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். அண்ணன் ஒரு கட்சி, அப்பா ஒரு கட்சி. அப்பா பாலைப் பன்றிக்கு ஊற்றுகிறார்.

"உங்கள் அப்பாவுக்குப் பைத்தியம்" என்றேன்.

"கம்பி ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதன் பின்னால் எல்லாம் வரும் என்பார். அவர் சொன்னது தவறில்லை. என் பின்னால் எல்லாம் வந்தது. எனக்கு என் வேலை பிடிக்கும், திரும்பிப் போக மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒருவனுடைய களஞ்சியம் எரிந்தால் நூறு பேர் வந்து ஒரே நாளில் கட்டிக் கொடுப்பார்கள். நான் இப்போது இருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது."

அவர் போன பிறகு மயிலம்மாள் சொன்னாள்: "நீங்க அவங்க அப்பாவைத் திட்டறப்போ அவரு முகம் போனதைப் பாத்தீங்களா? அவரு திட்டலாம். நீங்க திட்டக் கூடாது."

20-8-62, திங்கள்

ரங்கசாமி ஆபீஸுக்கு வந்தான். உரத்துக்கு மனுக் கொடுக்க என்றான். மனுவை முசிறியிலேயே கொடுக்கலாம். அது அவனுக்கும் தெரியும்.

ஆடிக் காற்றில் நூற்றைம்பது மரம் சாய்ந்துவிட்டதாம். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து மனுவைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, துரை மறுபடி எப்ப வருவாருன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

"துரையையா?"

"துரையைத்தான்." சிரிக்கவில்லை. "மரத்தடிக் கட்டிலை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக விடமாட்டேங்கறாரு. ஜீப் வந்தா தெரியணுமாம்."

இவன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்றைக்குக் குனிந்துகொண்டவன். அப்பாவின் நிலம், வீடு, பேச்சு, எல்லாம் இவனுக்கே. ஆனால் இருபத்துநாலு வருடமாக அப்பாவோடு இருந்தவனும் இவன்தானே. அதுவும் லேசான காரியமாக இருந்திருக்காது.

காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

17-10-62, புதன்

தொட்டியம், மறுபடி. திட்டத்தில் இல்லாதது. ஜூலையில் போடச் சொன்ன மாதிரிப் பாத்தியைப் பார்க்க வேண்டும் என்று பைலர் சேர்த்தார். பாத்தியைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

அப்பா இளைத்துவிட்டார். பைலருக்கு எதிரே ஒரு பலகை போட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு பலகை. யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

அப்பா ஆரம்பித்தார்: "துரை ஊருக்குப் போவாரா? போனா அவங்க அப்பா சந்தோஷப்படுவாரு. சொல்லணும்."

சொன்னேன். பைலர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த முறை முழுவதும் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"எங்க ஜனங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நான் அதை மீறிட்டேன்."

"ஊரு கூடி என்னை விலக்கி வச்சுது. எங்க அப்பா என்னோட பேசறதில்லை."

"நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் நெனைக்கலை."

"அப்பா செஞ்சதுல அவருக்கு ஒரு நியாயம் இருந்துது. ஒருத்தனை விட்டா ஊரே கலைஞ்சு போயிடும்னு அவரு பயந்தாரு."

பைலர் நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

"ஆனா அப்பாவை நெனைக்காத நாளே இல்லை."

புளியமரத்தில் ஏதோ பறவை. ரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டான். அப்பா கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"தங்கையா" என்றார்.

என் பெயர்.

"தங்கையா, துரைகிட்ட சொல்லு. அந்தப் பெரியவரு மனசில்லாதவரு இல்லை. கோவத்துல மேல ஏறி உக்காந்துட்டாரு. எறங்கத் தெரியலை. ஊரு கை குடுக்காது. ஊருக்கு வேடிக்கை பாக்கத்தான் தெரியும். இவருதான் போயி எறக்கி விடணும். சொல்லு."

பைலர் காத்திருந்தார். "என்ன சொன்னார்?"

"ஒரு நிமிஷம்" என்றேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

எழுந்திருக்கும்போது அப்பா துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சௌக்கியமா?"

நாற்பத்தைந்து வயதுப் பெண். சௌக்கியம் என்றேன்.

குளித்தலைப் பக்கத்து விளக்குகள் ஆற்றுக்கு அந்தப் புறம் ஏற்றும் நேரம். ஜீப்பில் பைலர் சொன்னார்: "இன்று தமிழ் என்னுடையதைவிட நீளமாக வந்தது."

"சில நாள் அப்படி வரும்" என்றேன்.

18-10-62, வியாழன்

நேற்று நடந்ததை மயிலம்மாளிடம் இன்று காலையில்தான் சொல்ல முடிந்தது.

"வரச் சொன்னாரா?"

"வரச் சொல்லலை. சௌக்கியமான்னு கேட்டாரு."

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒரு சௌக்கியம்" என்றாள். பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "கூப்பிட்டா வரேன். ஆனா எலை எங்க போடறாங்கன்னு பாத்துட்டுத்தான் உக்காருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

கண் சிவந்திருந்தது. அலுத்துப் போச்சு என்றவள்.

24-11-62, சனி

பைலர் போய்விட்டார். ஆபீஸில் எல்லோரும் சீனச் சண்டையைப் பற்றி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்ததால் ஜங்ஷனுக்கு நானும் குத்புதீனும்தான் போனோம். கிறிஸ்துமஸுக்கு அப்பா வீட்டுக்குப் போகிறாராம். "உங்கள் அப்பா சொன்னதை என் அப்பாவிடம் யார் மொழிபெயர்ப்பது?" என்றார். வண்டி நகர்ந்த பிறகும் கையைக் காட்டிக்கொண்டே நின்றேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

மின்விசிறிக்கு மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

5-1-63, சனி

ஏகாதசிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் புகுந்து ரங்கசாமி வந்து சேர்ந்தான், தோளில் ஒரு பூவன் தாரோடு. அவன் பேரனுக்குத் தை மாதம் காதுகுத்து. தாரை வாசலில் வைக்காமல் உள்ளே வந்து மயிலம்மாள் கையில் கொடுத்தான். பாரம் தாங்காமல் அவள் தடுமாறினாள்.

"அண்ணி, அப்பா வரச் சொன்னாரு."

"உங்க அண்ணனையா?"

"உங்களைத்தான் மொதல்ல சொன்னாரு."

21-1-63, திங்கள்

நேற்று காதுகுத்து. நடந்தது நடந்தபடி.

கூடத்தில் பந்தி. எங்கள் இரண்டு இலையும் அப்பாவின் இலைக்கு வலது பக்கம். மயிலம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு இலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

எதிர் வரிசையில் பங்காளி பிச்சமுத்து. அப்பாவுக்குச் சிற்றப்பா மகன், அறுபத்தைந்து வயது. அன்றைக்குக் கொட்டகையைக் கையால் காட்டியவர் யார் என்று இவ்வளவு நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"அண்ணே, இது மொறை இல்லை. அறுத்தவளைப் பந்தியில வச்சுக்கிட்டா நாங்க எந்திரிக்க வேண்டியதுதான்" என்றார்.

நான் எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். மயிலம்மாள் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். அப்பா இலையைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

"எந்திரிச்சுக்க பிச்சமுத்து. எனக்கும் காலை நீட்ட எடம் பத்தலை."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிச்சமுத்து எழுந்தார். தன்னோடு யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர் மகனே எழவில்லை, சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கை கழுவப் போனார். இவரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அவ்வளவு நேரமும் மயிலம்மாளிடம் பேசவில்லை. சாப்பிட்டு எழும்போது மட்டும், "பொண்ணு சரியாச் சாப்பிடலை. இன்னொரு தடவ கேளு" என்று ரங்கசாமியிடம் சொன்னார்.

2-3-63, சனி

பைலரிடமிருந்து கடிதம். அம்மா அதே மாதிரிதான் மேசை போட்டாளாம். அப்பா பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அம்மாவைப் பார்த்து, "அவன் எத்தனை நாள் இருப்பான்?" என்று கேட்டாராம். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை கேட்டார் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதக் கூச்சமாக இருந்தது. வாழையைப் பற்றி எழுதினேன்.

28-4-63, ஞாயிறு

அப்பா வாய்க்கால் படியில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. எழுந்து நடக்க மாட்டார் என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடம் விடுமுறை. மயிலம்மாள் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு தொட்டியம் கிளம்பினாள். போ என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

9-5-63, வியாழன்

ரசத்தில் உப்பு அதிகம். நேற்று உப்பே இல்லை.

22-5-63, புதன்

வெயில் தாங்கவில்லை. மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ரிப்பேராம். அதிகாரிக்கு மதுரைக்கு மாற்றல். அந்த நாற்காலிக்கு வேறு ஒருவன் வருகிறான். நான் இல்லை.

ரங்கசாமியிடமிருந்து கார்டு. அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"அண்ணி வந்ததிலிருந்து அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நாங்கள் கொடுத்தால் திட்டிவிட்டுத் தட்டைத் தள்ளுகிறார். அண்ணியையும் திட்டுகிறார், ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டுகிறார். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அண்ணி இங்கேயே இருக்கட்டும் என்கிறார். அண்ணனுக்குச் சிரமமா என்று கேட்டு எழுதச் சொன்னார்."

உடனே பதில் கார்டு வாங்கி எழுதித் தபாலில் போட்டேன்.

"சிரமம்தான். இருக்கட்டும்."